ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கண் பரிசோதனைப் பயிற்சி: எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது?

பயிற்சி_ஒருங்கிணைப்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 1 முதல் 10-ஆம் வகுப்பு வரை எடுக்கும் 40 ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தயார்செய்துகொண்டிருக்கிறேன். பிள்ளைகளின் பார்வைக் குறைபாட்டையும் கண் நோயையும் சீக்கிரம் கண்டுகொண்டு மருத்துவரிடம் அனுப்புவது நோக்கம்.

என்னிடம் உள்ள வரைவில் காலை முழுவதும் கண்ணின் அமைப்பும் நோய்களின் பட்டியலும். மதியம் அரை மணி நேரம் மட்டும் பார்வை அளக்கும் எழுத்து அட்டையைக் காட்டிப் பழகுவது. இதைப் படித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியர் அடுத்த நாள் என்ன செய்வார் என்று யோசித்தால் பதில் கிடைக்கவில்லை.

துறையில் இருப்பவர்களிடம் கேட்க நினைப்பவை: பரிசோதனைத் தூரம் 6 மீட்டரா, 3 மீட்டர் போதுமா? தேர்ச்சிக் கோடு 6/9-ல் வைப்பதா, 6/12-ல் வைப்பதா (6/12 என்றால் நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரில்தான் படிக்க முடிவது)? ஆசிரியர் கையில் டார்ச் கொடுக்கலாமா? கண் சிவந்து வரும் பிள்ளையை என்ன செய்யச் சொல்வது? தடுப்பு என்ற பகுதியில் உண்மையிலேயே பலன் தருவது எது?

ஒளிவிலகல் எழுதியது:

உங்கள் வரைவைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். கண்ணின் அமைப்புக்கு 20 நிமிடம் தாராளம். ஆசிரியர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 'இந்தப் பிள்ளையை அனுப்பணுமா, வேண்டாமா, எவ்வளவு அவசரம்?' என்பதை மட்டும் தீர்மானித்தால் போதும். நாள் முழுவதும் அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றியே போகட்டும்.

முதலில் அட்டை. எழுத்து தெரியாத பிள்ளைக்கும் பயன்படுவது ஈ எழுத்து அட்டை. ஆங்கில ஈ எழுத்தின் மூன்று கால்களும் மேலே, கீழே, வலது, இடது என எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும். நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் 1862-ல் வகுத்த கணக்குதான் இதற்கும்: 6/6 எழுத்து 6 மீட்டரில் 5 கோண நிமிட (ஒரு பாகையில் 60 கோண நிமிடம்) அளவில் தெரிய வேண்டும். அதன்படி 6 மீட்டருக்கான அட்டையில் 6/6 எழுத்தின் உயரம் 8.7 மி.மீ., 6/9-க்கு 13.1 மி.மீ., 6/12-க்கு 17.5 மி.மீ., 6/60-க்கு 87 மி.மீ. உயரமும் அகலமும் சமம். ஒவ்வொரு காலும், கால்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 6/12 எழுத்துக்கு அது 3.5 மி.மீ.

இந்த எண்களைச் சொல்லக் காரணம், கணினியிலிருந்து அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பு எழுத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். 17.5 மி.மீ. எழுத்து 16 ஆகிவிட்டால் 6/12 வரியைச் சரியாகப் படிக்கக்கூடிய பிள்ளைகளும் தவறுவார்கள், காரணம் யாருக்கும் புரியாது. அச்சடித்த ஒவ்வொரு அட்டையையும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகே கொடுங்கள். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் நடு எழுத்து மறைந்துபோகும்.

ஒற்றை ஈ மட்டும் உள்ள அட்டையை வாங்காதீர்கள். சோம்பேறிக் கண் (மூளை ஒதுக்கியதால் பார்வை சரியாக வளராத கண்) உள்ள பிள்ளை தனியாக நிற்கும் எழுத்தைச் சரியாகச் சொல்லிவிடும். அதே அளவு எழுத்து வரிசையில் நெருங்கி நின்றால் தடுமாறும். ஐந்து எழுத்துகள் உள்ள ஒரு வரி, அதைச் சுற்றி ஒரு கட்டம், அவ்வளவுதான் வேண்டும். ஒரே வரி அட்டையில் இன்னொரு வசதி: தலைகீழாகத் திருப்பினால் புது வரிசை கிடைக்கும். பின்னால் நிற்கும் பிள்ளை கேட்டு மனப்பாடம் செய்ததெல்லாம் பயன்படாது.

தூரம் 6 மீட்டர் என்பதே என் கருத்து. இட நெருக்கடி இருந்தால் 3 மீட்டர் அட்டை இருக்கிறது. எழுத்துகள் பாதி அளவு, 6/12-க்கு 8.7 மி.மீ. ஆனால் பிள்ளை அரை மீட்டர் முன்னால் சாய்ந்தால் 3 மீட்டரில் பிழை 17 சதவீதம், 6 மீட்டரில் 8 சதவீதம். சாயாத பிள்ளையே கிடையாது. 6 மீட்டர் அட்டையை 3 மீட்டரில் காட்டிவிடுவது இன்னொரு விபத்து. அப்படிச் செய்தால் குறை உள்ள பிள்ளைகள் பலரும் தேறிவிடுவார்கள். ஒரு நாளில் ஒரே வகை அட்டை, ஒரே தூரம் என்று வையுங்கள். அளக்க நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். பருத்திக் கயிற்றில் 6 மீட்டரில் முடிச்சுப் போட்டு, அட்டையின் ஆணியிலிருந்து நீட்டிப் பிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிள்ளையின் குதிகால் அந்தக் கோட்டில் நிற்கட்டும். கால்விரல் நுனியைக் கோட்டில் வைத்தால் கண் எங்கே இருக்கிறது என்று கூடவே நின்று பார்த்தால் தெரியும்.

அட்டை பிள்ளையின் கண் உயரத்தில். ஜன்னல் அட்டைக்குப் பின்னால் இருக்கக் கூடாது. அட்டையின் மேல் வெளிச்சம் சமமாக விழ வேண்டும். வெளியே நிழலில் நடத்தினாலும் சரி, பிள்ளை சூரியனைப் பார்த்து நிற்காத வரை.

இனி பிழைகள் அதிகம் நடக்கும் இடம்: கண்ணை மூடுவது. விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார்கள். உள்ளங்கையை அழுத்தினால் அந்தக் கண் சில நிமிடம் மங்கும். அடுத்து அதைப் பரிசோதிக்கும்போது இல்லாத குறை தெரியும். தடித்த காகித அட்டையை அழுத்தாமல் கண்ணுக்கு முன்னால் பிடிக்க வேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணாடியோடுதான் பரிசோதனை. அட்டையைக் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். முதலில் இடக் கண்ணை மூடி வலக் கண், பிறகு மாற்றி. பதிவேட்டில் மூடிய கண்ணின் பெயரை எழுதிவிடுவதும் சகஜம். அதனால் 'பார்த்த கண்' என்றே தலைப்புப் போடுங்கள்.

ஐந்தில் நான்கு சரியாகச் சொன்னால் தேர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லும் பிள்ளை ஐந்தில் நான்கைச் சரியாகச் சொல்ல வாய்ப்பு 1.6 சதவீதம்தான். நான்கில் மூன்று என்று விதி வைத்தால் அது 5 சதவீதமாகும். பிள்ளை சொல்லச் சொல்ல 'சரி', 'தப்பு' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது, முகத்திலும் காட்டக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடவும் கூடாது. இமையைச் சுருக்கினால் சிறு துளை வழியே பார்ப்பதுபோல் ஆகி, கிட்டப்பார்வை உள்ள பிள்ளையும் சிதறல் பார்வை (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கல்) உள்ள பிள்ளையும் ஒரு வரி கூடுதலாகப் படித்துவிடும். சுருக்கிக்கொண்டே படித்த பிள்ளையைத் தேறாததாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயிற்சி நாளில் +2.00 படிக்கும் கண்ணாடிகள் பத்து வாங்கி வையுங்கள். தூரப் பார்வை நன்றாக உள்ள ஆசிரியர் அதைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்க்கட்டும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குப் பலகை எப்படித் தெரிகிறது என்பதை ஒரு மணி நேர உரையைவிட அது நன்றாக உணர்த்தும்.

கருவிழி_மருத்துவர் எழுதியது:

மேலே சொன்ன அட்டை முறையோடு முழுக்க உடன்படுகிறேன். அட்டை எதைப் பிடிக்காது என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் 'அட்டையில் தேறிவிட்டான், கண்ணில் ஒன்றுமில்லை' என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புவது சில பிள்ளைகளுக்கு நேரடிக் கெடுதல்.

தூரப்பார்வைக் குறை (தூரத்தில் உள்ளதைவிட அருகில் உள்ளது மங்கும் குறை) மிதமாக இருக்கும் பிள்ளை கண் தசையை வேலைவாங்கி 6 மீட்டர் அட்டையைச் சுத்தமாகப் படித்துவிடும். படிக்க உட்கார்ந்து பத்து நிமிடத்தில் தலைவலி, எழுத்து மங்கல், புத்தகத்தைத் தள்ளிவைப்பது என்று வரும். 'படிப்பில் அக்கறை இல்லை' என்ற பட்டம் பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது. இப்படிப்பட்டவர்களை அட்டையில் தேறினாலும் அனுப்பலாம்.

டார்ச் கொடுக்கலாம், ஆனால் இரண்டே வேலைக்கு. கை நீட்டும் தூரத்திலிருந்து பிள்ளையின் மூக்கு மேட்டை நோக்கி வெளிச்சம் காட்டி, டார்ச்சையே பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு கருவிழிகளிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா? ஒரு கண்ணில் மட்டும் ஓரமாக விழுந்தால் மாறுகண். 1 மி.மீ. விலகல் என்பது சுமார் 7 பாகை, ஆகவே கண்ணுக்குத் தெரியும் விலகல் எதுவும் சின்னதல்ல. மூக்குத்தண்டு அகலமாக உள்ள சிறு பிள்ளைகளுக்கு மாறுகண் போலத் தோன்றும்; புள்ளி சமமாக விழுந்தால் பெரும்பாலும் அது வெறும் தோற்றம். 'வளர்ந்தால் சரியாகிவிடும்', 'அதிர்ஷ்டக் கண்' என்று வீட்டில் சொல்வதை ஆசிரியர் ஏற்கக் கூடாது. விலகிய கண்ணின் பார்வையை மூளை ஒதுக்க ஆரம்பிக்கிறது. 7, 8 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் நல்ல பலன். தள்ளிப்போடப் போடப் பலன் குறையும். மாறுகண் எப்போதும் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. வெயிலில் வந்ததும் எப்போதும் ஒரே கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு அவ்வப்போது வெளிப்பக்கம் விலகும் கண் இருக்கலாம்.

இரண்டாவது, கண்மணியின் நிறம். நடுக் கறுப்பு வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே வரும் என்பதால் மழலையர் வகுப்பு ஆசிரியருக்கு இது முக்கியம். ஃப்ளாஷ் போட்டு எடுத்த வகுப்புப் படத்தில் ஒரு பிள்ளையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். சில கோணத்தில் நல்ல கண்ணும் அப்படித் தெரியும். ஆனாலும் அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை, அந்த வாரத்துக்குள்.

கண் சிவந்த பிள்ளை. இதில் ஆசிரியர் கேட்க வேண்டியவை மூன்று: வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்கியிருக்கிறதா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றாலும், கருவிழியில் வெண்மையாக ஏதாவது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மூன்றுக்கும் 'இல்லை', பூளையும் உறுத்தலும் மட்டும் என்றால் மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அது பார்ப்பதால் பரவாது. கையால், துண்டால், பகிர்ந்த பேனாவால், மேசையால் பரவும். அதனால் கறுப்புக் கண்ணாடி பரவலைத் தடுக்காது. கை கழுவுவதும் வீட்டில் இருப்பதும் தடுக்கும். அதற்குக் காரணம் அடினோ வைரஸ் என்ற கிருமி என்றால் 10 முதல் 14 நாள் வரை தொற்றும் தன்மை இருக்கலாம்.

சிவப்போடு அரிப்பு முன்னுக்கு வந்தால், அதுவும் வருடா வருடம் ஒரே பருவத்தில் வந்தால், ஒவ்வாமை. அதில் இரண்டு ஆபத்துகள். விடாமல் கண்ணைக் கசக்கும் பிள்ளைக்குக் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய் வரக்கூடும். இன்னொன்று, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. ஒரே நாளில் சிவப்பு போய்விடும், அதனால் மாதக்கணக்கில் போடுவார்கள். கண்ணின் உள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகும், கண்புரை வரும். சிவப்புக்குக் காரணம் ஹெர்பீஸ் கிருமி என்றால் கருவிழிப் புண் பெருகும். பள்ளி முதலுதவிப் பெட்டியில் எந்தக் கண் சொட்டு மருந்தும் இருக்கக் கூடாது.

காயத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணில் ரசாயனம் பட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் ஆசிரியர் செய்வதுதான் சிகிச்சை. மருத்துவமனையில் செய்வதெல்லாம் அதற்குப் பிறகு. சுண்ணாம்பு, காரம் (அல்கலி), சுத்தம் செய்யும் திரவம், ஆய்வக அமிலம் எதுவானாலும் அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை ஊற்றத் தொடங்கி, 30 நிமிடம் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். பிள்ளை கண்ணை இறுக்கிக்கொள்ளும். ஒருவர் இமைகளைப் பிரித்துப் பிடிக்க வேண்டும். ரசாயனம் பட்ட கண்ணின் பக்கமாகத் தலை சாய்ந்திருந்தால்தான் கழுவிய நீர் மற்றக் கண்ணில் போகாது. சுண்ணாம்புத் துகள் மேலிமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு எரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லிக் கழுவ வேண்டும். காரம் அமிலத்தைவிட மோசம், உள்ளே இறங்கிக்கொண்டே போகும். காரத்துக்கு அமிலம் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

கூர்மையான பொருள் குத்தியிருந்தால் நேர்மாறு: கழுவாதே, அழுத்தாதே, குத்தியிருப்பதைப் பிடுங்காதே, மருந்து விடாதே. காகிதக் கோப்பையின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணைத் தொடாமல் எலும்பு விளிம்பில் உட்காரும்படி வைத்து டேப் ஒட்டி, உடனே அனுப்ப வேண்டும். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள். கழுவு, கழுவாதே என்ற இந்த இரண்டும் குழம்பிவிடாமல் இருக்க, இரண்டையும் நடித்துப் பழக வைப்பது நல்லது. பந்து பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் தலையை உயர்த்தி உட்காரவைத்து அனுப்புங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம்.

வைட்டமின் ஏ பற்றிச் சுருக்கமாக. மாலைக்கண், கண்ணின் வெள்ளைப் பகுதியில் காது பக்கமாக நுரை ஒட்டியதுபோல் சாம்பல்-வெள்ளைத் திட்டு, இரண்டில் எது தெரிந்தாலும் அனுப்புங்கள், குறிப்பாக அண்மையில் தட்டம்மை வந்திருந்தால். உலகச் சுகாதார நிறுவனத்தின் தடுப்பு மருந்துத் திட்டம் 6 முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளுக்கானது. அதைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மாத்திரை கொடுக்கக் கூடாது. அளவு மீறினால் கெடுதல். பிறந்ததிலிருந்தே இருட்டில் தடுமாறும் பிள்ளைக்கு விழித்திரைப் பரம்பரை நோய் இருக்கலாம், அது கீரையால் தீராது.

பயிற்சி_ஒருங்கிணைப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். தேர்ச்சிக் கோடு பற்றி இன்னும் தெளிவு வேண்டும். 6/9 வைத்தால் அனுப்பும் எண்ணிக்கை எகிறுமே? அப்புறம், வகுப்பறையில் ஆசிரியர் நாள்தோறும் கவனிக்க வேண்டியவற்றை யாராவது சொல்லுங்கள். அட்டைப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கப்போகிறது.

ஒளிவிலகல்:

6/9 வைத்தால் லேசான குறை உள்ளவர்களும் பிடிபடுவார்கள், கூடவே கவனம் சிதறியவர்களும் கூச்சப்பட்டவர்களும் வந்து சேர்வார்கள். 6/12 வைத்தால் கூட்டம் குறையும், சிலர் தப்புவார்கள். அனுப்பும் இடத்தில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்பதுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். ஆட்கள் குறைவு என்றால் 6/12. பார்க்க ஆளில்லாமல் திருப்பி அனுப்பப்பட்ட பெற்றோர் அடுத்த வருடம் வரவே மாட்டார்.

எந்தக் கோடு வைத்தாலும் முதல் முறை தேறாத பிள்ளையை அன்றே, கூட்டம் கலைந்த பிறகு, அட்டையைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். வீண் ரெஃபரல் கணிசமாகக் குறையும். 1, 2-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் வலது இடது என்று கேட்காதீர்கள். பெரிய ஈ ஒன்றை வெட்டி கையில் கொடுத்து, அட்டையில் இருப்பதுபோல் திருப்பச் சொல்லுங்கள். முதலில் 1 மீட்டரில் பழக்கி, புரிந்துகொண்டதா என்று பார்த்துவிட்டுக் கோட்டுக்கு அனுப்ப வேண்டும். பழக்காமல் நேரே நிறுத்தினால், புரியாமையைப் பார்வைக் குறை என்று எழுதிவிடுவோம்.

பயிற்சியின் முடிவில் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒவ்வொரு ஆசிரியரும் 10 பிள்ளைகளைப் பரிசோதிக்கட்டும். அதே 10 பேரை அவர் முடிவைப் பார்க்காமல் கண் பரிசோதகர் ஒருவர் திரும்பப் பார்க்கட்டும். 9 பேரிலாவது முடிவு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் தூரமோ, மூடும் அட்டையோதான் காரணம், அங்கேயே திருத்திவிடலாம். 40 பேருக்கு எட்டு அட்டை, எட்டுப் பாதை, ஒவ்வொன்றிலும் ஐந்து பேர் என்று பிரித்தால் மதியத்துக்குள் எல்லோர் கையும் பழகிவிடும்.

வகுப்பறை_டீச்சர்:

நாள்தோறும் பார்க்க வேண்டியதில் முதலிடம் நோட்டுக்கு. பலகையிலிருந்து எழுதும்போது மட்டும் பிழை, சொல்வதைக் கேட்டு எழுதும்போது சரி என்றால் கண்ணைச் சந்தேகப்படுங்கள். நம் எழுத்தில் இது இன்னும் நுணுக்கமாகத் தெரியும்: புள்ளி விடுபடும், 'ண' 'ன' ஆகும், 'ழ'வின் அடிக்கொக்கி காணாமல் போகும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதைக் காப்பி அடிப்பதாக எடுத்துக்கொண்டு தண்டிக்கும் முன், அந்தப் பிள்ளையைப் பலகைக்கு அருகே நிறுத்திப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அதோடு, தலையை ஒரே பக்கம் சாய்த்துப் பார்ப்பது, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடிப்பது, விரலை வைத்தும் வரி தவறுவது, எறிந்த பந்தைப் பிடிக்காமல் முகத்தைத் திருப்புவது, மேலிமை தொங்கிக் கண்மணியை மறைப்பது, விழி தானாக ஆடிக்கொண்டே இருப்பது. அட்டையில் தேறினாலும் இவற்றில் ஒன்று தொடர்ந்து தெரிந்தால் பதிவேட்டில் எழுதி அனுப்ப வேண்டும்.

பலகை எழுத்தின் அளவையும் பயிற்சியில் சேருங்கள். கடைசி பெஞ்ச் 8 மீட்டர் தள்ளி இருந்தால், 6/12 பார்வையுள்ள பிள்ளைக்கு 2.3 செ.மீ. எழுத்து என்பது முட்டிமோதிக் கண்டுபிடிக்கும் எல்லை. சிரமமில்லாமல் படிக்க அதன் இருமடங்காவது, அதாவது 5 செ.மீ. அளவில் எழுத வேண்டும். பச்சைப் பலகையில் சிவப்பு சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். சிவப்பு-பச்சை நிறக்குறை ஆண் பிள்ளைகளிடையே அபூர்வமல்ல. அதற்குச் சிகிச்சை இல்லை. நிறத்தை மட்டும் நம்பாமல் கோடு போட்டோ எண் கொடுத்தோ காட்டினால் அவர்களுக்கும் பாடம் புரியும்.

தடுப்பு என்று கேட்டீர்கள். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடுவதில் பள்ளியால் செய்ய முடிந்ததும் ஆதாரம் உள்ளதும் வெளிவெளிச்சம். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், நாளுக்குக் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருந்த பிள்ளைகளில் மூன்று வருடத்தில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றவர்களில் 39.5 சதவீதம். தைவான் 2010-லிருந்தே பள்ளிகளில் நாளுக்கு 120 நிமிடம் வெளியே என்ற திட்டத்தை நடத்துகிறது. வெயிலில் நிற்க வேண்டியதில்லை, மர நிழலின் வெளிச்சமே வகுப்பறையைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் வீட்டுப்பாடம் செய்யாததற்கு இடைவேளையைப் பறிக்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். கண் பயிற்சி, உள்ளங்கையைத் தேய்த்துக் கண்ணில் வைப்பது போன்றவற்றால் கண்ணாடியைக் கழற்றலாம் என்று யாராவது கேட்டால், இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாம்.

ட்ரக்கோமா என்ற தொற்றுக் கண் நோய் பரவியுள்ள பகுதி என்றால் காலையில் முகம் கழுவுவதும் தடுப்பில் சேரும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக் காய்ந்திருப்பதைத் தேடிவரும் ஈக்களும் அங்கே கிருமியைச் சுமக்கின்றன. இல்லாத பகுதியில் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

கருவிழி_மருத்துவர்:

டீச்சர் சொன்ன பட்டியலோடு ஒன்று: புதிதாக வந்த மாறுகண் அல்லது ஒன்று இரண்டாகத் தெரிவது, கூடவே காலையில் தலைவலி, வாந்தி என்றால் அது கண் பிரச்சினையாகவே இல்லாமல் மூளையில் அழுத்தம் கூடியதாக இருக்கலாம். அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

பரிசோதனைக்குப் போய்வந்த பிள்ளை பற்றியும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். பவர் சரியாக அளக்கக் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடுவோம். சைக்ளோபென்டோலேட் என்றால் சுமார் ஒரு நாள், அட்ரோபின் என்றால் ஒன்றிரண்டு வாரம் வரை அருகில் உள்ள எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். அந்த நாட்களில் தேர்வு வைப்பதோ எழுதச் சொல்லித் திட்டுவதோ வேண்டாம்.

பதிவேடு_பொறுப்பு:

அனுப்புவது வரை எல்லோரும் எழுதிவிட்டீர்கள். பெரும்பாலான பள்ளித் திட்டங்கள் உடைவது அதற்கு அப்புறம்தான்: அனுப்பிய பிள்ளை மருத்துவரிடம் போகவில்லை, போனவருக்குக் கண்ணாடி வரவில்லை, வந்த கண்ணாடி பையிலேயே கிடக்கிறது.

பதிவேட்டில் பெயர், வயது, பார்த்த கண் வலது, பார்த்த கண் இடது, ஏற்கெனவே கண்ணாடி உண்டா, வேறு அறிகுறி, அனுப்பிய தேதி என்பதோடு நிறுத்தாதீர்கள். மருத்துவர் பார்த்த தேதி, என்ன சொன்னார், கண்ணாடி கைக்கு வந்த தேதி, 3-ஆம் மாதம் போட்டிருந்தானா, 6-ஆம் மாதம் போட்டிருந்தானா என்று ஐந்து கட்டம் கூடுதலாக வேண்டும். 'பார்த்த தேதி' கட்டம் இரண்டு வாரம் காலியாக இருந்தால் ஆசிரியர் வீட்டுக்குப் பேச வேண்டும். துண்டுச் சீட்டு பிள்ளையின் பையில் போய்ச் சேர்வதோடு காரியம் முடிந்துவிடாது. வகுப்பு வகுப்பாக ஒரே நாளில் கண் பரிசோதகரைப் பள்ளிக்கே வரவழைக்க முடிந்தால், பெற்றோர் ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. வருகை கூடும்.

3-ஆம் மாதச் சோதனையைச் சொல்லாமல் நடத்துங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அன்று மட்டும் எல்லோரும் போட்டுவருவார்கள். போடாதவரைக் கேட்டால் வரும் காரணங்கள் கொஞ்சம்தான். கேலி செய்கிறார்கள், சட்டகம் மூக்கிலிருந்து வழுக்குகிறது, காதுக்குப் பின்னால் அறுக்கிறது, உடைந்துவிட்டது, 'போட்டால் பவர் ஏறும்' என்று பாட்டி சொன்னார். கேலிக்கு மருந்து, கண்ணாடி கொடுக்கும் அன்றே வகுப்பு முழுவதற்கும் அது எதற்கு என்று ஆசிரியர் சொல்லிவிடுவது, சட்டகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுப்பது. பாட்டி சொன்னதற்குப் பதில்: பவர் ஏறுவது வளரும் வயதில் கண் நீள்வதால், கண்ணாடியைக் கழற்றி வைத்தால் அது நிற்காது. எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு காரணம் உண்டு, அது நம் பக்கத்துப் பிழை: 0.50 பவர் அளவில் தேவையே இல்லாத கண்ணாடிகளை எழுதிக் கொடுத்துவிடுவது. போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத கண்ணாடியை எந்தப் பிள்ளையும் போடாது. அதைப் பார்த்து, உண்மையாகத் தேவைப்படும் பக்கத்துப் பிள்ளையும் கழற்றிவிடும்.

தேறியவர்களில் பத்தில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்துக் கண் பரிசோதகர் மறுபடி பார்ப்பதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். தேறாதவர்களை மட்டுமே யாரோ திரும்பப் பார்க்கிறார்கள். தப்பியவர்கள் எத்தனை பேர் என்று தெரிய வேறு வழி கிடையாது. ஒரு ஆசிரியரின் வகுப்பில் மட்டும் ஒருவருமே தேறாமல் போகவில்லை என்றால், முதல் வேலையாக அந்த வகுப்பின் கயிற்றை அளந்து பாருங்கள்.